பழைய லோன் ஸ்கீம், இப்போது வரும் வரிக் கடிதம்: பிரிட்டன் காண்ட்ராக்டர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் தமிழர்களுக்குச் சம்பளக் கணக்கும் வரிக் கணக்கும் பார்த்துத் தருவது என் தொழில். ‘லோன் சார்ஜ்’ பற்றி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கிறவர்தான் மாறுகிறார். ஐடி காண்ட்ராக்டர்கள் அதிகம். லோக்கம் டாக்டர், ஏஜென்சி நர்ஸ், சப்ளை டீச்சர், சமூகப் பணியாளர் என்று மற்றவர்களும் இருக்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எச்எம்ஆர்சி என்று வரும் இடமெல்லாம் பிரிட்டன் வரித்துறை. வரி விகிதங்கள் இங்கிலாந்துக்கு உரியவை, ஸ்காட்லாந்தில் வேறு.

லோன் சார்ஜ்னா என்ன? நான் எந்த பேங்க்லயும் லோன் வாங்கலையே?

உங்கள் பழைய பே ஸ்லிப்பையும் அதே மாத பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏஜென்சி உங்கள் வேலைக்காக அந்த மாதம் 8,000 பவுண்டு கொடுத்திருக்கும் என்று வையுங்கள். ஏஜென்சிக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்து உங்களுக்குச் சம்பளம் போடும் ‘அம்ப்ரெல்லா’ கம்பெனி 15 சதவீதம் கமிஷன், அதாவது 1,200 பவுண்டு எடுத்துக்கொள்ளும். பே ஸ்லிப்பில் 1,000 பவுண்டு சம்பளம் என்று இருக்கும். அதற்கு வரி ஏறக்குறைய ஒன்றும் வராது. மீதி 5,800 பவுண்டு வேறொரு பெயரில், பல நேரம் ஐல் ஆஃப் மேன் தீவிலோ ஜெர்சியிலோ இருந்த ஒரு டிரஸ்டிலிருந்து, தனியாக வந்து விழுந்திருக்கும். காகிதத்தில் அது ‘கடன்’. யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை என்று வாயால் சொல்லியிருப்பார்கள். கடனுக்கு வரி கிடையாது என்பதுதான் மொத்த வித்தையும்.

அந்த 5,800 கடனில்லை, சம்பளம்தான் என்பது எச்எம்ஆர்சியின் வாதம். 2019 ஏப்ரல் 5 அன்று திருப்பிக் கட்டப்படாமல் நின்ற இப்படிப்பட்ட கடன்களை எல்லாம் வருமானமாகக் கணக்கிட்டு வரி போடும் சட்டத்துக்குத்தான் லோன் சார்ஜ் என்று பெயர். 2016 பட்ஜெட்டில் அறிவித்து 2017-ல் சட்டமாக்கினார்கள். சுமார் 50,000 பேரை இது பாதிக்கும் என்று எச்எம்ஆர்சியே கணக்கிட்டது.

இவ்வளவு பேர் ஏன் போய்ச் சேர்ந்தாங்க? எல்லாருக்குமா பேராசை?

பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் அது நியாயமில்லை. 1999-ல் அறிவித்து 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘ஐஆர்35’ விதி, சொந்த லிமிடெட் கம்பெனி வைத்து வேலை பார்த்தவர்களைக் கலங்கடித்தது. நீ உண்மையில் ஊழியன்தானா, தனித் தொழில் செய்பவனா என்று எச்எம்ஆர்சி பின்னாளில் முடிவு செய்யலாம் என்ற பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் ஸ்கீம்கள் விற்கப்பட்டன. ‘எங்களிடம் வந்தால் ஐஆர்35 தலைவலி இல்லை, எல்லாம் சட்டப்படி’ என்றுதான் விளம்பரமே.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இன்னும் சிக்கல். வேலை கிடைத்த மறுநாளே ஏஜென்சி ஆள் இரண்டு மூன்று அம்ப்ரெல்லா பெயர் கொடுத்து, திங்கட்கிழமைக்குள் ஒன்றில் சேரச் சொல்வார். டீமில் ஏற்கெனவே இருந்த நம் ஆளும் அதில்தான் இருப்பார். அவர் சொல்லே போதும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். கையில் 85 சதவீதம் வரும்போது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்பதும் உண்மைதான்.

சட்டப்படி சரின்னுதானே சொன்னாங்க? பெரிய வக்கீலோட ஒப்பீனியன்கூட காட்டினாங்களே.

வக்கீல் கருத்து ஸ்கீம் நடத்தியவருக்கு எழுதிக் கொடுத்தது, உங்களுக்கு அல்ல. பெரும்பாலும் அதன் முதல் பக்கத்தை மட்டும்தான் காட்டினார்கள். அப்புறம் ‘எச்எம்ஆர்சி கொடுத்த நம்பர் இருக்கிறது’ என்பார்கள். அது 2004-ல் வந்த டோட்டாஸ் என்ற விதியின் கீழ் வரும் பதிவு எண். வரியைத் தவிர்க்கும் ஏற்பாடு ஒன்று நடத்துகிறோம் என்று தெரிவித்ததற்கான அடையாளம் மட்டுமே. எச்எம்ஆர்சி எந்த ஸ்கீமுக்கும் ஒப்புதல் தருவதில்லை, அன்றும் தரவில்லை.

சட்டப் பக்கத்தில் திருப்புமுனை 2017 ஜூலை 5. கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப், வீரர்களுக்கு டிரஸ்ட் வழியாகக் கடன் கொடுத்த வழக்கில், வேலைக்காகக் கொடுத்த பணம் யார் கை வழியாகப் போனாலும் அது சம்பளமே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ‘அது கடன்தான்’ என்ற வாதத்தில் பெரிய பலம் இல்லை. அதை நம்பி இன்று பணம் செலவழிக்காதீர்கள். பேச வேண்டிய விஷயங்கள் வேறு: எந்த வருஷம், எந்த நோட்டீஸ், எவ்வளவு, யாரிடம்.

2017-ல போட்ட சட்டம் 2012-ல வாங்கின லோனை எப்படித் தொடும்? இது முன்தேதி வரி இல்லையா?

அரசின் பதில்: கடன் 2019 ஏப்ரல் 5 அன்று நிலுவையில் இருந்தது, அந்தத் தேதிக்குத்தான் வரி, அதனால் முன்தேதி இல்லை. சட்ட வார்த்தைப்படி அது நிற்கும். ஆனால் முதலில் எழுதிய சட்டம் 1999 ஏப்ரல் 6 வரை, இருபது வருஷம் பின்னால் போனது. ரிட்டர்ன் போட்டு, யாரும் கேள்வி கேட்காமல், விசாரணைக் காலமும் முடிந்துபோன வருஷங்களை அது திறந்துவிட்டது. என் கருத்தில் அது தவறு, இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

எதிர்ப்பு வலுத்ததும் 2019 செப்டம்பரில், தேசியத் தணிக்கை அலுவலகத்தின் முன்னாள் தலைவர் சர் அமியாஸ் மோர்ஸை ஆராயச் சொன்னார்கள். அந்த டிசம்பர் 20-ல் வந்த அவருடைய அறிக்கைதான் 1999 என்ற எல்லையை 2010 டிசம்பர் 9-க்குக் கொண்டுவந்தது. அன்றைக்குத்தான் இந்த மாதிரிக் கடன்களுக்கு எதிரான சட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குச் சட்டம் தெளிவாக இருந்தது என்பது அவர் வாதம்.

என் லோன் எல்லாம் 2008, 2009-ல. அப்போ நான் தப்பிச்சேனா?

லோன் சார்ஜிலிருந்து தப்பித்தீர்கள். எல்லாவற்றிலிருந்தும் இல்லை. அந்த வருஷத்து ரிட்டர்ன் மீது எச்எம்ஆர்சி அப்போதே விசாரணை தொடங்கியிருந்தால், அல்லது கூடுதல் வரி மதிப்பீடு அனுப்பி நீங்கள் அப்பீல் செய்திருந்தால், அது இன்னும் உயிரோடு இருக்கலாம். 2011-ல் ‘விசாரணை தொடங்குகிறோம்’ என்று ஒரு பக்கக் கடிதம் வந்து, பிறகு பத்து வருஷம் சத்தமே இல்லாமல் போன கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். சத்தம் இல்லை என்றால் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூடியதாக ஒரு நோட்டீஸ் வந்தால்தான் அது மூடப்பட்டது.

2013-ல ரிட்டர்ன்ல ஸ்கீம் நம்பர் போட்டேன். அவங்க ஒண்ணும் கேக்கல. அதுக்கும் கட்டணுமா?

மோர்ஸ் அறிக்கைப்படி 2020 நிதிச் சட்டம் கொடுத்த இரண்டாவது விலக்கு இதுதான். 2010 டிசம்பர் 9 முதல் 2016 ஏப்ரல் 5 வரையான கடன்களில், அந்த வருஷ ரிட்டர்னில் ஸ்கீமைப் பற்றி நியாயமான அளவு தெரிவித்திருந்து, எச்எம்ஆர்சி காலக்கெடுவுக்குள் எந்த நடவடிக்கையும் எடுக்காமல் விட்டிருந்தால், அந்த வருஷம் லோன் சார்ஜில் சேராது. இதை வருஷம் வருஷமாகப் பார்க்க வேண்டும். ஒரே ஸ்கீமில் இருந்தவருக்கு 2012–13 விலக்கு கிடைத்து, 2013–14 கிடைக்காமல் போகலாம்.

இதனால்தான் பழைய ரிட்டர்ன் நகல் தங்கம் மாதிரி. கையில் இல்லையென்றால் எச்எம்ஆர்சியிடம் ‘என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களைக் கொடுங்கள்’ என்று தகவல் பாதுகாப்புச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். பணம் கட்ட வேண்டாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

லெட்டர் வந்திருக்கு. முதல்ல என்ன பண்ணணும்?

திறந்து படியுங்கள். ஜன்னல் வைத்த பழுப்புக் கவரைப் பிரிக்காமலே டிராயரில் போட்டு வைப்பவர்கள் நிறைய. கெடு தேதி கவருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். படித்ததும் மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வரி ஆண்டு, எந்த வகைக் கடிதம், கெடு எந்தத் தேதி. பிரிட்டன் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடியும். ‘31 மார்ச்’ என்று ஊர்க் கணக்கில் நினைத்துக்கொண்டு வருஷத்தையே மாற்றிப் பதில் எழுதியவர்கள் உண்டு.

வகைகள் பெரும்பாலும் இவைதான். ‘விசாரணை தொடங்குகிறோம்’ என்பது ஆரம்பம் மட்டுமே, அதற்காகப் பணம் கட்டத் தேவையில்லை. ரிட்டர்ன் கெடுவுக்குள் போட்டிருந்தால், போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் இது வந்திருக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிய பிறகு வருவது ‘டிஸ்கவரி அசெஸ்மென்ட்’, அதாவது பின்னால் கண்டுபிடித்துப் போடும் வரி. சாதாரணமாக 4 வருஷம், கவனக்குறைவு என்றால் 6, வேண்டுமென்றே செய்தது என்றால் 20 வருஷம் வரை போகலாம். வெளிநாடு சம்பந்தப்பட்டதென்றால் 12 வருஷக் கணக்கும் உண்டு. இதற்கு அப்பீல் செய்ய 30 நாள்தான். அப்பீலோடு ‘வரி வசூலை நிறுத்தி வையுங்கள்’ என்றும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, செட்டில்மென்ட் அழைப்பு, அதாவது எச்எம்ஆர்சியோடு ஒரு தொகை ஒத்துக்கொண்டு முடித்துக்கொள்ளக் கூப்பிடுவது. அது சலுகை மாதிரி எழுதப்பட்டிருந்தாலும் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டால் திரும்பிப் போவது மிகக் கடினம். கணக்கைத் தனியாக ஒருவர் சரிபார்க்காமல் போடாதீர்கள். நான்காவது வகைக்கு அடுத்த கேள்வியே இருக்கிறது.

ஏபிஎன் வந்திருக்கு, 90 நாள்ல கட்டணுமாம். அப்பீலே இல்லைங்கிறாங்க, நிஜமா?

நிஜம். ஏபிஎன் என்கிற ‘ஆக்ஸிலரேட்டட் பேமென்ட் நோட்டீஸ்’ 2014-ல் வந்தது. தகராறு முடியும் முன்பே பணத்தைக் கொடு, ஜெயித்தால் திருப்பித் தருகிறோம் என்பது அதன் ஏற்பாடு. தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை இல்லை. ஆனால் அந்த 90 நாளுக்குள் எச்எம்ஆர்சிக்கே ஆட்சேபம் எழுதலாம். தொகை தவறு, அந்த வருஷம் விசாரணையே திறக்கப்படவில்லை, இந்த ஸ்கீமில் நான் இல்லை போன்றவை செல்லும். ‘ஸ்கீம் சட்டப்படி சரி’ என்பது அங்கே செல்லாது.

கட்டாமல் விட்டால் 5 சதவீத அபராதம், 5 மாதத்திலும் 11 மாதத்திலும் இன்னும் ஐந்து ஐந்து. பணம் இல்லையென்றால் கெடுவுக்கு முன்பே தவணை கேளுங்கள். கட்டிவிட்டால் கேஸ் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள், அது முன்பணம் மட்டுமே.

எல்லா வருஷத்து லோனையும் ஒரே வருஷத்துல போட்டாங்க. அதனால வரி எவ்வளவு ஏறும்?

கணக்குப் போட்டே காட்டுகிறேன். மூன்று வருஷத்தில் மொத்தம் 1,50,000 பவுண்டு லோன். 2018–19-ல் ஒருவர் சாதாரண வேலையில் 45,000 சம்பளம் வாங்குகிறார், அதற்கு வரி 6,630. மேலே 1,50,000 சேர்ந்தால் வருமானம் 1,95,000. வரியில்லா அடிப்படைத் தொகை முழுக்கப் போய்விடும், கடைசி 45,000-க்கு 45 சதவீதம் விழும். மொத்த வரி 73,350. லோன் சார்ஜால் மட்டும் கூடுவது 66,720.

மோர்ஸ் அறிக்கைக்குப் பிறகு இதை 2018–19, 2019–20, 2020–21 என மூன்றாகப் பிரிக்க வழி வந்தது. சம்பளம் மாறாமல் இருந்தால் கூடுவது முதல் வருஷம் 19,730, அடுத்த இரண்டிலும் தலா 19,000, ஆக 57,730. ஒன்பதாயிரம் பவுண்டு வித்தியாசம். ஆனால் 2020-ல் எச்எம்ஆர்சிக்கு விவரம் கொடுத்து, பிரிக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்குத்தான் அது. கடிதத்தைப் பிரிக்காமல் வைத்தவர்கள் இழந்தது இதைத்தான்.

கம்பெனிதானே வரியைப் பிடிச்சுக் கட்டியிருக்கணும்? ஏன் என்கிட்ட வர்றாங்க?

நியாயமான கேள்வி. ரேஞ்சர்ஸ் தீர்ப்பும்கூட வரி பிடிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றுதான் நின்றது. ஆனால் அந்த அம்ப்ரெல்லாக்களில் பல, கலைக்கப்பட்டுவிட்டன அல்லது பிரிட்டனுக்கு வெளியே இருந்தன. முதலாளி பிடிக்கத் தேவையில்லை என்று விலக்கி, தொழிலாளியிடம் நேராக வசூலிக்க எச்எம்ஆர்சிக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறதா என்ற சண்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2022 மே மாதம் எச்எம்ஆர்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

சட்டம் அப்படி. ஆனால் கமிஷன் வாங்கியவர், ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்சி, சிக்கனமாக வேலை முடித்துக்கொண்ட நிறுவனம் எல்லோரும் விலகிவிட, நான்கு பேர் பங்கிட வேண்டிய சுமையை ஒருவர் தலையில் வைத்தார்கள் என்பதை நான் எங்கேயும் சொல்வேன்.

ஸ்கீம் நடத்தினவங்களுக்கு ஒண்ணுமே ஆகலையா?

வரியைத் தவிர்க்கும் திட்டம் விற்பது நீண்ட காலம் குற்றமாகவே இல்லை. ஒரு கம்பெனியை மூடி, வேறு பெயரில் அதே கடையைத் திறந்தார்கள். 2022 முதல் எச்எம்ஆர்சி ஸ்கீம்களின் பெயர்களை வெளியிடுகிறது. ‘நிறுத்து’ என்று நோட்டீஸ் கொடுத்த பிறகும் விற்பது 2024-ல்தான் குற்றமானது. 2026 ஏப்ரல் 6 முதல், அம்ப்ரெல்லா வரி கட்டாமல் விட்டால் அதை வைத்து ஆள் அனுப்பிய ஏஜென்சியே பொறுப்பு. இருபது வருஷத்துக்கு முன்பே செய்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

லோன் சார்ஜ் கட்டிட்டேன். அவ்வளவுதானே, முடிஞ்சுதா?

அதுதான் இல்லை. லோன் சார்ஜ் கட்டுவதும் ‘செட்டில்’ செய்வதும் வேறு வேறு. லோன் சார்ஜ் மட்டும் கட்டியிருந்தால், பழைய வருஷத்து விசாரணைகள் தானாக மூடாது. கட்டியதை அந்த வருஷ வரியில் கழித்துக்கொள்வார்கள், ஒரே பணத்துக்கு இருமுறை வரி இல்லை. ஆனால் பழைய வருஷத்துக்கான வட்டி மிஞ்சலாம். விசாரணை இழுத்துக்கொண்டே போனால், ‘இதை முடிக்க உத்தரவிடுங்கள்’ என்று நீங்களே தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். முடித்து வைத்தால் வரும் தொகையைத் தாங்க முடியுமா என்று முதலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்போ பேரே கேள்விப்படாத கம்பெனி ஒண்ணு, அந்த லோனை முழுசாத் திருப்பிக் கட்டுன்னு கேக்குது!

இதில்தான் பலருக்கு இரவுத் தூக்கம் போகிறது. முதல் பதிலில் சொன்ன காகிதக் கடன், எச்எம்ஆர்சியைப் பொறுத்தவரை சம்பளம். ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரம் சிவில் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. லோன் சார்ஜ் கட்டினாலும் அது ரத்தாவதில்லை. டிரஸ்டுகள் அந்தக் கடன் கணக்குகளை வேறு கம்பெனிகளுக்கு மாற்றிவிட, அவர்கள் வசூலுக்கு வருகிறார்கள்.

பயந்துபோய் ‘கொஞ்சம் தருகிறேன்’ என்று பதில் எழுதாதீர்கள். கடனை ஒப்புக்கொண்டதாக அது ஆகலாம். கடன் தங்களுக்கு மாற்றப்பட்டதற்கான பத்திரம், உங்கள் கையெழுத்துள்ள மூலப் பத்திரம், தொகைக் கணக்கு மூன்றையும் கேளுங்கள். இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருஷக் காலவரம்பு உண்டு. ஆனால் பத்திரம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் என்பதைப் பொறுத்து இது மாறும். நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் சொலிசிட்டரிடம் போங்கள். இன்னொன்று: இப்போது திருப்பிக் கட்டினாலும் லோன் சார்ஜ் குறையாது, 2019 ஏப்ரல் 5 அன்று நின்ற தொகைதான் கணக்கு.

2025 பட்ஜெட்ல சலுகை வந்துச்சாமே? எனக்குக் கிடைக்குமா?

வரி ஆலோசகர்களின் தொழில் அமைப்பான பட்டய வரி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ரே மெக்கேன் தலைமையில் நடந்த மறுஆய்வு 2025 நவம்பர் 26 அன்று, பட்ஜெட் நாளிலேயே வெளியானது. இன்னும் செட்டில் செய்யாமல் லோன் சார்ஜ் நிலுவை உள்ளவர்களுக்குப் புதிய செட்டில்மென்ட் என்று அரசு அறிவித்தது. தாமத வட்டி இல்லை. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் குவிக்காமல் லோன் வந்த அந்தந்த வருஷத்தில் வைத்துக் கணக்கு. ஸ்கீம்காரர்களுக்குப் போன கமிஷனுக்காகக் கழிவு. இதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 5,000 பவுண்டு தள்ளுபடி. ஒருவருக்குக் குறையும் தொகைக்கு 70,000 பவுண்டு உச்சவரம்பு. நிலுவை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பாதிக்கு மேல் குறையலாம், சுமார் 30 சதவீதம் பேருக்கு முழுக்க நீங்கிவிடும் என்பது அரசின் மதிப்பீடு.

ஏற்கெனவே முழுக்க செட்டில் செய்து முடித்தவர்களுக்கு இது இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டு, வீட்டின் மேல் கடன் வாங்கி முதலில் கட்டியவருக்கு ஒன்றும் இல்லை, காத்திருந்தவருக்குச் சலுகை. இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் நிலுவை இருந்தால் கோபத்தில் இதை விட்டுவிடாதீர்கள். பழைய விதிமுறைப்படி போட்ட கணக்கில் கையெழுத்துப் போடும் முன், புதிய கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

நான் 2021-லதான் அப்படி ஒரு அம்ப்ரெல்லால இருந்தேன். இதே சலுகைதானே?

இல்லை. லோன் சார்ஜ் 2019 ஏப்ரல் 5 வரை வந்த கடன்களுக்கு. அதன் பிறகு வாங்கியதற்கு, பணம் வந்த வருஷத்திலேயே நேரடியாக வருமான வரி. கடிதம் இன்னும் வரவில்லை என்றால் நீங்களே முன்வந்து சொல்வது நல்லது. தானாகச் சொன்னவருக்கும் பிடிபட்டவருக்கும் அபராதத்தில் வித்தியாசம் பெரிது.

கையில காசு இல்ல. வீட்டை எடுத்துடுவாங்களா?

லோன் சார்ஜ் கடனுக்காகக் குடியிருக்கும் வீட்டை விற்க வைக்க மாட்டோம் என்று எச்எம்ஆர்சி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. வாடகைக்கு விட்ட இரண்டாவது வீட்டுக்கு அந்த வாக்குறுதி இல்லை. தவணையில், ஆண்டு வருமானம் 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்து, விற்கக்கூடிய சொத்தும் இல்லையென்றால் குறைந்தது 5 வருஷம், 30,000-க்குக் கீழே என்றால் குறைந்தது 7 வருஷம் தருவதாக ஏற்பாடு. அதற்கு மேலும் பேசலாம். பேசப் போகும்போது வாடகை, பிள்ளை செலவு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் எழுதிய மாதக் கணக்கோடு போங்கள். பெருமைக்காகச் செலவைக் குறைத்துக் காட்டிக் கட்ட முடியாத தவணையை ஒத்துக்கொண்டால், மூன்றாவது மாதமே உடையும். வருமானம் குறைவு என்றால் டாக்ஸ்எய்ட் என்ற அறக்கட்டளை இலவசமாக உதவும்.

நான் சென்னைக்கே வந்துட்டேன். இங்க வரைக்குமா வருவாங்க?

கடன் எல்லையைத் தாண்டினால் அழியாது. இந்தியா–பிரிட்டன் இரட்டை வரி ஒப்பந்தத்தில் 2012-ல் கையெழுத்தான திருத்தம், ஒரு நாட்டு வரி பாக்கியை வசூலிக்க மற்ற நாடு உதவலாம் என்ற பிரிவைச் சேர்த்தது. அது 2013 கடைசியில் நடைமுறைக்கு வந்தது. அதைவிடப் பெரிய ஆபத்து, கடிதங்கள் நீங்கள் காலி செய்துவிட்டு வந்த வீட்டு முகவரிக்குப் போய்க்கொண்டிருப்பது. உங்களுக்குத் தெரியாமலே 30 நாள் அப்பீல் கெடு முடிந்திருக்கும். முதல் வேலையாக முகவரியை மாற்றுங்கள். தாமத அப்பீலுக்கு நியாயமான காரணம் காட்டலாம், தெரிந்தவுடன் கேட்டால்தான் அது எடுபடும்.

ஐஎல்ஆர் (நிரந்தரமாத் தங்குற உரிமை), சிட்டிசன்ஷிப்புக்கு இது குறுக்க நிக்குமா?

வரியில் நேர்மையாக நடந்தீர்களா என்று குடியேற்ற அதிகாரி பார்ப்பார். எனவே பாக்கியை மறைப்பதுதான் கெடுக்கும். தவணை ஒப்பந்தக் கடிதமும், அதன்படி கட்டிவரும் ரசீதும் கையில் இருக்கட்டும். டயர் 1 ஜெனரல் என்ற பழைய உயர்திறன் விசாவில் இருந்தவர்கள், குடியேற்றத் துறைக்கு ஒரு வருமானமும் வரித்துறைக்கு ஒரு வருமானமும் காட்டியதாக மறுக்கப்பட்டது வேறு பிரச்சினை. அதில் 2019 ஏப்ரலில், நேர்மையின்மை என்று முடிவு செய்யும் முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. லோனை வருமானமாகக் காட்டி விசா நீட்டித்தவர்களுக்கு இரண்டும் பின்னிக்கொள்ளும். அவர்கள் வரி ஆலோசகர், குடியேற்ற சொலிசிட்டர் இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லோனை வேற டிரஸ்டுக்கு மாத்தினா லோன் சார்ஜே வராதுன்னு ஒருத்தர் சொல்றார். 3,000 பவுண்டு ஃபீஸ்.

கொடுக்காதீர்கள். முதல் ஸ்கீமை விற்றவர்களின் வலையிலிருந்துதான் பல நேரம் இந்த இரண்டாவது ஸ்கீமும் வருகிறது, உங்கள் பெயர் அவர்களுடைய பழைய வாடிக்கையாளர் பட்டியலில் இருப்பதால். யார் ஆலோசனை சொன்னாலும் எந்தத் தொழில் அமைப்பில் உறுப்பினர் என்று கேட்டு, அந்த அமைப்பின் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

என் வீட்டுக்காரர் இந்த லெட்டர் வந்ததுலேர்ந்து யார்கிட்டயும் பேசுறதில்ல. என்ன பண்றது?

இதை நானே பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். இந்த விவகாரத்தில் சிக்கியவர்களில் 10 பேரின் தற்கொலையை எச்எம்ஆர்சியே காவல்துறைக் கண்காணிப்பு அமைப்புக்கு அனுப்பியிருக்கிறது. அவர் சும்மா கோபமாக இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் எதுவும் கெட்டுவிடாது. பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் 116 123, தமிழ்நாட்டில் டெலி மானஸ் 14416, இரண்டும் எந்நேரமும் இலவசம்.

கடிதங்களை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சம்மதத்தோடு நீங்களோ ஆலோசகரோ அவர் சார்பில் எச்எம்ஆர்சியிடம் பேச அங்கீகாரம் வாங்கலாம். கஷ்டத்தில் இருப்பவர்களுக்கென்றே கூடுதல் உதவிக் குழு (‘எக்ஸ்ட்ரா சப்போர்ட் டீம்’) அங்கே இருக்கிறது, அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தொலைபேசியை எடுக்கும் வேலை அவரிடமிருந்து போனாலே பாதிச் சுமை இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

புதுசா ஒரு அம்ப்ரெல்லா 82 சதவீதம் கையில தர்றேங்குது. இதாவது சரியா?

இல்லை. முறையாக வரி பிடிக்கும் அம்ப்ரெல்லாவில் எல்லாம் போக அறுபது, அறுபத்தைந்து சதவீதம் சுற்றித்தான் கைக்கு வரும். எண்பதைத் தாண்டினால் எங்கோ வரி கட்டப்படவில்லை. இப்போது லோன் என்று சொல்ல மாட்டார்கள். முன்பணம், ஆன்யூட்டி, கிரெடிட், ஷேர் என்று வேறு பெயர் வைப்பார்கள். பே ஸ்லிப்பில் இருக்கும் தொகையும் வங்கிக்கு வந்த தொகையும் ஒன்றாக இருக்கிறதா, ஒரே இடத்திலிருந்து வருகிறதா என்று முதல் மாதமே பாருங்கள்.

செட்டில் பண்ணிட்டேன். எந்தப் பேப்பரை வச்சுக்கணும், எதைத் தூக்கிப் போடலாம்?

எதையும் தூக்கிப் போடாதீர்கள். செட்டில்மென்ட் ஒப்பந்தம், அதில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட கடிதம், வருஷ வாரிக் கணக்கு, கட்டிய ரசீது, விசாரணை மூடிய நோட்டீஸ், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். கடன் பத்திரமும் டிரஸ்ட் காகிதமும் அதே அளவு முக்கியம். மேலே சொன்ன வசூல் கம்பெனி வந்தால் அவைதான் உங்களுக்குக் கை கொடுக்கும். ஒப்பந்தத்தில் எந்தெந்த வருஷம் அடங்கியது, டிரஸ்ட் சம்பந்தமான வாரிசு வரியும் அதில் சேர்ந்ததா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். விட்டுப்போன வருஷம் ஏதாவது இருந்தால் இப்போதே எழுதிக் கேளுங்கள். இவை எங்கே இருக்கின்றன என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.